சதை சொல்லும் சாட்சி

நமது திருப்பூரிலும், அதைச் சுற்றியுள்ள அவினாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் முதலிய ஊர்களிலும் ஒரு நம்பிக்கை வெகுகாலமாய் வேரூன்றி இருந்து வருகின்றது. அதாவது, "உடம்பில் உள்ள கட்டியைக் கத்தியால் தொடக்கூடாது, தொட்டால் அது பரவி ஆளைக் கொன்றுவிடும்" என்பதாகும். இதைச் சொல்லுவதில் படித்தவர், படிக்காதவர் என்கின்ற பேதமே கிடையாது. பனியன் கம்பெனி முதலாளியும் சொல்லுகிறார். அவர் கம்பெனியில் கைமடியாய் இருக்கின்ற பெண்ணும் சொல்லுகிறாள். காரில் போகிறவரும் சொல்லுகிறார். டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும் சொல்லுகிறார். சாதியிலும் மதத்திலும் கட்சியிலும் ஒன்றுபடாத நம் ஜனங்கள் இந்த ஒரு பயத்தில் மாத்திரம் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

இந்தப் பயத்தின் பலன் என்ன? கழுத்தில் நெறி கட்டினால் மந்திரிக்கப் போகிறார்கள். கால் வீங்கினால் பச்சிலை வைத்துக் கட்டுகிறார்கள். மார்பில் கட்டி தென்பட்டால் புருஷனிடம் கூடச் சொல்லாமல் மறைத்துக் கொள்ளுகிறார்கள். "ஆபரேஷன் இல்லாமல் கட்டியைக் கரைப்போம்" என்று சுவரில் விளம்பரம் ஒட்டியிருப்பவனிடம் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கடைசியில் ஒன்றும் பலிக்காமல், கட்டி புண்ணாகி, புண் புரையோடிய பின்பு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே டாக்டர், "இதில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்" என்றதும், அப்போதும் "அய்யோ, கத்தியா?" என்று எழுந்து வந்து விடுகிறார்கள்.

நாம் சொல்லுவது இதுதான்: இன்ன வியாதி என்று தெரியாமல் செய்கின்ற வைத்தியம், வைத்தியமல்ல, சூதாட்டமேயாகும். அபூர்வமான வியாதிகளில் அனேகத்தைக் கண்ணால் பார்த்தும், கையால் தொட்டும் நிச்சயிக்க முடியாது. நோய் கண்ட சதையையே சாட்சிக்கு அழைத்துக் கேட்க வேண்டும். அந்தச் சாட்சியத்தை வாங்கித் தருவது ஒரு சிறு கத்தி. அந்தச் சிறு கத்திக்குப் பயந்தவர்கள்தான் அனேகமாய்ப் பின்னால் பெருங்கத்திக்கு ஆளாகிறார்கள்.

துணிக்கு ஒரு நியாயம், உடலுக்கு ஒரு நியாயமா?

நம் ஊர்த் தோழர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு ஊர் உதாரணம் வேண்டியதில்லை. நிட்டிங் முடிந்து, சாயம் ஏறி, காம்பாக்டிங் ஆகி வருகின்ற துணியை, "பார்க்க நன்றாய் இருக்கிறது" என்று சொல்லி எந்தக் கம்பெனியாவது அப்படியே கட்டிங்குக்கு அனுப்புகின்றதா? இல்லை. ஜி.எஸ்.எம். கட்டரைத் துணியின் மேல் வைத்து ஒரு திருகு திருகி, நூறு சதுர சென்டிமீட்டர் அளவில் வட்டமாய் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார்கள். அதை நிறுத்து, வந்த கிராமை நூறால் பெருக்கிச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லி விடுகிறார்கள். "ஒரு துண்டை வெட்டினால் ரோல் முழுவதும் கிழிந்து போகும்" என்று யாராவது அழுகிறார்களா? வெட்டிப் பார்க்காமல் அனுப்பிவிட்டு, சரக்கு முழுவதும் திரும்பி வந்தால்தான் அழவேண்டும் என்பது செக்கிங்கில் இருக்கும் பெண்ணுக்குக் கூடத் தெரியும்.

துணிக்கு இவ்வளவு அறிவோடு நடந்து கொள்ளுகின்ற மனிதன், தன் உடம்பு விஷயத்தில் மாத்திரம் ஏன் அறிவைக் கழற்றி ஆணியில் மாட்டி விடுகிறான் என்று கேட்கிறோம். பனியனுக்கு உள்ள மதிப்பு, பனியனைப் போட்டுக் கொள்ளும் உடம்புக்கு இல்லையா?

சாயத்தின் வேலை

எடுத்த சதையை என்ன செய்கிறார்கள் என்பது அனேகருக்குத் தெரியாது. தெரியாததினால்தான் பயம் வளருகின்றது. ஆகவே அதைச் சற்று விவரமாய்ச் சொல்லுவோம்.

சதைத் துண்டு அழுகிப் போகாமல் இருக்க முதலில் பார்மலின் என்கின்ற திரவத்தில் போடப்படும். பிறகு அதிலுள்ள நீரை அகற்றி, மெழுகை ஊறவைத்து, சிறு மெழுகுக் கட்டியாக வார்த்துக் கொள்ளுவார்கள். அந்தக் கட்டியை ஒரு நுட்பமான இயந்திரத்தில் வைத்து 3 முதல் 5 மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பஞ்சு இழையின் அகலமே சுமார் 12 முதல் 20 மைக்ரான் இருக்கும் என்றால், இந்தச் சீவல் எவ்வளவு மெல்லியது என்பதை நூல் தொழில் தெரிந்தவர்கள் யோசித்துக் கொள்ளலாம்.

இவ்வளவு மெல்லிய சீவலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அப்போது வந்து உதவுவது எது தெரியுமா? மந்திரமல்ல, சாயம்! நம் சாயப்பட்டறைகளில் எந்த வித்தை நடக்கின்றதோ, அதே வித்தைதான். மத்திய அமெரிக்காவில் வளருகின்ற ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கும் ஹெமடாக்சிலின் என்ற பொருளைக் கொண்டு ஐரோப்பாவில் வெகுகாலம் துணிக்குச் சாயம் போட்டு வந்தார்கள். துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போன்ற ஒரு காரம் வேண்டும் அல்லவா? அதேபோல் 1865-இல் போமர் என்பவர் படிகாரத்தோடு அந்தச் சாயத்தைச் சேர்த்துச் சதைச் சீவலில் போட்டார். சதையிலுள்ள ஒவ்வொரு செல்லின் நடுவிலும் இருக்கின்ற கரு மாத்திரம் நீலமாய்த் தெரிந்தது. 1870-களில் ஜெர்மனியில் சாயத் தொழிலில் இருந்த காரோ என்ற இரசாயனி இயோசின் என்ற சாயத்தை உண்டாக்கினார். அது மற்ற பாகத்தை ரோஸ் நிறமாக்கிற்று. 1876-இல் இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்தார்கள். உலகத்திலுள்ள ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் சதைப் பரிசோதனைக்கு முதலில் போடுகின்ற சாயம் இந்த நீலமும் ரோஸும்தான்.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் வேறு சாயங்கள் இருக்கின்றன. காசநோய்க் கிருமியை மாத்திரம் சிவப்பாய்க் காட்டுகின்ற சாயம் ஒன்று. காளானை மாத்திரம் கறுப்பாய்க் காட்டுகின்ற வெள்ளிச் சாயம் ஒன்று. லேப் டிப்பில் ஷேட் பார்த்துப் பழகிய நம் தோழர்களின் கண்ணும், வியாதியைக் கண்டுபிடிக்கின்ற டாக்டரின் கண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை என்றே சொல்லலாம்.

தீட்டும் அறிவும்

இவ்வளவும் நம் நாட்டில் ஏன் முன்னமே தோன்றவில்லை என்று சிலர் கேட்கலாம். "எல்லாம் எங்கள் சுஸ்ருதர் அன்றைக்கே சொன்னது" என்று சிலர் பெருமையும் பேசலாம். சுஸ்ருதர் பேரால் உள்ள நூலில் பிணத்தை நீரில் ஊறவைத்து உறுப்புகளைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் படிப்பு பின்னால் எங்கே போயிற்று? பிணத்தைத் தொட்டால் தீட்டு, இரத்தத்தைத் தொட்டால் தீட்டு, தோலைத் தொட்டால் தீட்டு என்று ஒரு கூட்டம் வகுத்து வைத்தது. தொட்டு வேலை செய்தவனைக் கீழ்ச்சாதி என்றார்கள். தொடாமல் உட்கார்ந்திருந்தவனை அறிவாளி என்றார்கள். தொட்டவனுக்குப் படிப்பில்லை, படித்தவனுக்குத் தொடுவதில்லை. இந்த ஏற்பாட்டில் உடலைப் பற்றிய அறிவு எப்படி வளரும்?

கல்கத்தா மெடிக்கல் காலேஜில் மதுசூதன குப்தர் என்பவர் 1836-இல் ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தது தேசமெல்லாம் பேசும்படியான பெரிய சங்கதியாய் இருந்ததென்றால், தீட்டு நம் அறிவை எத்தனை காலம் கட்டிப் போட்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு 22 வருஷத்துக்குப் பின், 1858-இல், ஜெர்மனியில் ருடால்ப் விர்ச்சோ என்பவர், வியாதி என்பது வானத்திலிருந்தோ, கிரகத்திலிருந்தோ வருவதல்ல, உடலிலுள்ள செல்களில் ஏற்படுகின்ற கோளாறே என்று எடுத்து விளக்கினார். அன்றைக்கே சனியும் ராகுவும் கேதுவும் வைத்தியத்திலிருந்து வேலை நீக்கப்பட்டு விட்டன. ஆனால் நம் நாட்டில் மாத்திரம் அவர்களுக்கு இன்னமும் சம்பளம் கொடுத்து வருகிறோம்.

நிற்க, இனி இந்தப் பரிசோதனையால் என்ன பிரயோஜனம் என்பதற்கு மூன்று வியாதிகளை எடுத்துக் கொள்ளுவோம்.

கழுத்தில் நெறி

கழுத்தில் வரிசையாய் நெறி கட்டுவதைக் கண்டமாலை என்பார்கள். நம் நாட்டில் இது அனேகமாய்க் காசநோயினால் வருவது. ஆனால் எல்லாம் அதுவல்ல. லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற டாக்டர் 1832-இல், நெறிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்து போன ஏழு பேரைப் பற்றி எழுதினார். பின்னால் அந்த வியாதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அவர் பார்த்தது வெறுங்கண்ணால். அவர் காலத்துச் சதைகளில் சில பத்திரமாய் வைக்கப்பட்டிருந்தன. 1926-இல், அதாவது ஏறக்குறைய நூறு வருஷங் கழித்து, பாக்ஸ் என்பவர் அவற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில், சில அந்த வியாதியே என்றும், எல்லாமே அதுவல்ல என்றும் தெரிய வந்தது. ஹாட்ஜ்கின் எவ்வளவோ பெரிய அறிவாளி. அவருடைய கண்ணுக்கே ஒன்றாய்த் தெரிந்தவை, சாயம் போட்டபின் வேறு வேறாய்ப் பிரிந்து விட்டன என்றால், நம் ஊர் மந்திரவாதியின் கண்ணைப் பற்றி என்ன சொல்லுவது?

இது காசநோயின் ஒரு வகைதான் என்று எண்ணிய பெரிய டாக்டர்களும் இருந்தார்கள். 1902-இல் டோரதி ரீட் என்ற பெண் டாக்டர், இந்த வியாதிக்கே உரிய பெரிய செல்களைச் சதையில் தெளிவாய்க் காட்டி, இது காசநோய் அல்ல என்று நிலைநாட்டினார். "பெண்களுக்கு எதற்குப் படிப்பு?" என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தினால் நோயாளிக்கு என்ன லாபம்? இரண்டுக்கும் மருந்து வேறு. காசநோய் என்று எண்ணி ஆறு மாதம் அந்த மருந்தையே கொடுத்துக் கொண்டிருந்தால், ஹாட்ஜ்கின் வியாதி உள்ளுக்குள் வளர்ந்து கொண்டே போகும். அதுவோ, சரியானபடி கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடிய வியாதி. அப்படியிருக்க, வியாதியால் அல்ல, வியாதியின் பெயர் தெரியாததினால் சாவது எவ்வளவு பரிதாபம்!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நெறியில் ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்க்கும் சோதனை எளிதானது. காசநோய்க்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் துணியிலிருந்து ஓர் இழையை உருவிப் பார்த்தால் நூலின் கவுண்ட் தெரியுமே ஒழிய, அது சிங்கிள் ஜெர்ஸியா, ரிப்பா, இண்டர்லாக்கா என்று தெரியுமா? தெரியாது, பின்னலைப் பார்க்க வேண்டும். அதுபோலவே இந்த வியாதிகளில் ஊசியில் வருகின்ற தனிச் செல்கள் போதா. நெறியின் பின்னலையே பார்க்க வேண்டும். ஆதலால் டாக்டர் ஒரு நெறியை முழுதாய் எடுக்க வேண்டும் என்றால், அது பணம் பறிக்கும் சூழ்ச்சி என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

மதுரைக்கால்

அடுத்தது நம் தமிழ்நாட்டு ஊரின் பெயரையே உலகமெங்கும் தாங்கி நிற்கின்ற வியாதி. 1842-இல் மதுரையில் இருந்த ஆஸ்பத்திரியில் கில் என்ற டாக்டர் இதைக் கண்டு எழுதினார். அதனால் இதற்கு மதுரைக்கால் என்றே பெயராயிற்று. 1860-இல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்பவர் இது காளானால் வருவதென்று காட்டி, மைசிட்டோமா என்று பெயரிட்டார்.

இது யாருக்கு வருகின்றது? மெத்தையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருவதில்லை. செருப்பில்லாமல் காட்டில் உழுகிறவனுக்கும், களை எடுக்கிறவளுக்கும், ஆடு மாடு மேய்க்கிறவனுக்கும் வருகின்றது. முள் குத்தின இடத்தில் மண்ணிலுள்ள கிருமி புகுந்து விடுகின்றது. முதலில் வலியே இருக்காது, சிறு வீக்கந்தான். வலி இல்லாததினால் அலட்சியம். வருஷக்கணக்கில் வீங்கி, பல கண்கள் வைத்து, சீழோடு குருணை குருணையாய் வெளியே வரும். சிலர் யானைக்கால் என்று எண்ணுவார்கள்; சிலர் செய்வினை என்பார்கள்; சிலர் முன் ஜென்மத்துப் பாவம் என்பார்கள். செருப்பு வாங்கக் காசு கொடுக்காத ஜென்மத்தின் பாவத்தைப் பற்றி மாத்திரம் யாரும் பேசுவதில்லை.

இந்த வியாதியில் இரண்டு வகை உண்டென்று 1913-இல் பினாய் என்பவர் பிரித்துக் காட்டினார். ஒன்று காளானால் வருவது. மற்றொன்று காளானைப் போலக் கிளைவிடுகின்ற ஒரு வகைப் பாக்டீரியாவால் வருவது. வெளிக்கு இரண்டும் ஒரே மாதிரி வீக்கந்தான். ஆனால் பாக்டீரியாவால் வந்ததானால், சில மாதங்கள் விடாமல் தகுந்த மருந்து கொடுத்துக் காலைக் காப்பாற்றி விடலாம். காளானால் வந்ததானால், மருந்து வெகுகாலம் கொடுக்க வேண்டும்; அதோடு கெட்ட பாகத்தை ரண சிகிச்சை செய்து எடுக்கவும் வேண்டியிருக்கும். எது என்று எப்படி அறிவது? குருணையின் நிறம் கொஞ்சம் சொல்லும்; கறுப்பானால் பெரும்பாலும் காளான். வெள்ளையும் மஞ்சளும் இரண்டிலும் வரும். நிச்சயமாய்ச் சொல்லுவதற்கு ஆழத்திலிருந்து சதை எடுத்து, அதிலுள்ள குருணையைச் சாயம் போட்டுப் பார்க்கவும், கிருமியை வளர்த்துப் பார்க்கவும் வேண்டும். விரலளவு கூட இல்லாத சதையைக் கொடுக்க மறுத்தவன், எலும்பெல்லாம் அரித்த பின் முழங்காலுக்குக் கீழ் முழுவதையுமே கொடுக்க நேருகின்றது. எது லாபம் என்று கணக்குப் பார்த்துக் கொள்ளட்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வியாதிகளின் பட்டியலில் சேர்த்தது. 1842-இல் எழுதி வைத்த வியாதிக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவே 174 வருஷம் ஆயிற்று. ஏழையின் காலில் வருகின்ற வியாதிக்கு உலகத்தில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

மூக்கில் வளரும் சதை

மூன்றாவது, மூக்கில் சிவந்த சதையாய் வளருவது. மேலே வெள்ளைப் புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். தொட்டால் இரத்தம் கொட்டும். இந்தியாவிலும் இலங்கையிலுமே இது அதிகம். நம் தமிழ்நாட்டில் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் காணப்படுகின்றது. அந்தச் சீமைகளிலிருந்து பிழைப்புக்காக வந்த தோழர்கள் நம் திருப்பூரில் அனேகம் பேர் இருப்பதால், இங்கும் இதைத் தெரிந்து கொள்ளுவது நல்லது.

1900-இல் தென் அமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகரில் சீபர் என்பவர் இதை விவரித்தார். 1923-இல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் என்பவர் இதற்குக் காரணமான பிராணியின் வாழ்க்கையை விவரமாய் எழுதினார். மாடு குளிக்கும் குளத்திலும் ஊருணியிலும் கண்மாயிலும் முங்கிக் குளிக்கிறவர்களுக்கே இது பெரும்பாலும் வருகின்றது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை. ஆகவே இது வந்தவனை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. இதைக் காளான் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அதன் மரபணுவைப் பார்த்த பின்பு, 1999-இல், இது காளான் அல்ல, மீன்களைப் பிடிக்கின்ற சில நுண்ணுயிர்களுக்குச் சொந்தம் என்று தெரிந்தது. எண்ணியது தப்பென்று தெரிந்ததும் விஞ்ஞானம் வெட்கப்படவில்லை. புஸ்தகத்தைத் திருத்திக் கொண்டது. திருத்தக் கூடாதென்று சொல்லுகின்ற புஸ்தகங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதற்குக் கண்டிப்பாய்க் குணந்தரும் மாத்திரை இதுவரை கிடையாது. ரண சிகிச்சைதான் வைத்தியம். சதையை வேரோடு எடுத்து, அடியைச் சூட்டினால் சுட வேண்டும். அரைகுறையாய்க் கிள்ளினால் மறுபடியும் வளரும். எடுத்த சதையைச் சாயம் போட்டுப் பார்த்தால், கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாய்த் தெரிந்தது ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வித்துக்கள் அடைத்த பை என்று தெரியும். அப்படிப் பார்க்காமல் விட்டால், சாதாரண மூக்குச் சதை, இந்த வியாதி, புற்று ஆகிய மூன்றில் எது என்று நிச்சயமாய்ச் சொல்ல யாராலும் முடியாது.

கத்தியின் மேல் பழி

இனி, "கத்தி பட்டால் பரவும்" என்பதற்கு வருவோம். இந்த எண்ணம் எப்படி உண்டாயிற்று? ஒருவன் கட்டியை இரண்டு வருஷம் மறைத்து வைக்கிறான். அது உள்ளே பரவுகிறது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். சதை எடுக்கிறார்கள். சில மாதத்தில் இறந்து போகிறான். ஊரார், "நன்றாய்த்தான் இருந்தான், கத்தி வைத்தார்கள், போய்விட்டான்" என்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. இரண்டு வருஷத் தாமதத்தின் குற்றத்தை இரண்டு நிமிஷக் கத்தியின் தலையில் கட்டி விடுகிறார்கள்.

அப்படியானால் ஆபத்தே கிடையாதா என்றால், பகுத்தறிவு உள்ளவன் அப்படியும் சொல்லமாட்டான். ஊசியாலோ, கத்தியாலோ புற்று பரவுவது மிக மிக அபூர்வம். ஆனாலும் சில கட்டிகளில் வழி பார்த்து எடுக்க வேண்டும். விரையில் வருகின்ற சந்தேகமான கட்டியைக் குத்திப் பார்ப்பதில்லை. விரையோடு எடுத்தே பரிசோதிப்பார்கள். எலும்புக் கட்டியில் எந்த இடத்தில் துளை போடுவதென்பதைப் பின்னால் ஆபரேஷன் செய்யப் போகின்ற டாக்டரே யோசித்து முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் தெரிந்தவனிடம் போக வேண்டும் என்பதற்குக் காரணமே தவிர, போகாமல் இருப்பதற்குக் காரணமாகாது. கரண்ட் ஷாக் அடிக்கும் என்பதற்காகப் பவர் டேபிளை மூடிவிட்டோமா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம்.

ஆபரேஷன் நடந்து கொண்டிருக்கும்போதே சதையை உறையவைத்து, சீவி, சாயம் போட்டு, சில நிமிஷங்களில் பதில் சொல்லுகின்ற முறையும் உண்டு. 1905-இல் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில் வில்சன் என்பவர் இதை வழக்கத்துக்குக் கொண்டு வந்தார். அவர் போட்ட மெதிலீன் நீலமும் பஞ்சுக்குப் போடுவதற்கென்று செய்யப்பட்ட சாயந்தான். இதனால், கட்டி கெட்டதா, எடுத்தது போதுமா என்று நோயாளி மேஜை மேல் இருக்கும்போதே தெரிந்து கொண்டு, வேண்டாத பாகத்தை வெட்டாமல் விடலாம். ஆகவே கத்திக்கு எல்லை கட்டுவதே இந்தப் பரிசோதனைதான்.

நம் மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், விதி என்று உட்கார்ந்து விடவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். துக்கம் வந்தால் கோயில் கட்டுகிறவர்கள் அனேகம் பேர். ஆஸ்பத்திரி கட்டியவர்கள் எத்தனை பேர்?

தொழிலாளியின் நிலை

இவ்வளவு சொல்லியும், பயம் ஒன்றே தடை என்று நாம் சொல்ல வரவில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குக் கூலி இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவளுக்கு ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் கம்பெனியை விட்டு வெளியே வரவே முடியாது. சதை எடுக்க ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், அதைக் காட்ட ஒரு நாள் என்றால் நாலு நாள் கூலி. மூட நம்பிக்கையை ஒழிப்பது நம் வேலை. இந்த நாலு நாள் கூலிக்கு வழி சொல்லுவது முதலாளிகள் வேலையும் சர்க்கார் வேலையுமாகும்.

1948-இல் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட இ.எஸ்.ஐ. திட்டம் இதற்காகத்தான் இருக்கின்றது. 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட கணக்குப்படி, நூறு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 பைசாவும் முதலாளி 3 ரூபாய் 25 பைசாவும் கட்ட வேண்டும். அப்படிக் கட்டி வந்தவருக்கு, சட்டத்தின் நிபந்தனைப்படி, நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். ஆனால் காண்டிராக்டர் கையில் கூலி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த அட்டை இருக்கின்றது? அட்டை இல்லாதவனிடம் போய், "ஏனப்பா முன்னமே வரவில்லை?" என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கின்றது?

திருப்பூர் சர்க்கார் மெடிக்கல் காலேஜ் 2022 ஜனவரி 12-ந் தேதி, தமிழ்நாட்டின் வேறு பத்துக் காலேஜ்களோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. சந்தோஷமே. தாலுகா ஆஸ்பத்திரிகளில் எடுக்கின்ற சதையும் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்து, பதில் தாமதமின்றித் திரும்பி வருவதற்குச் சர்க்கார் நிரந்தரமான ஏற்பாடு செய்ய வேண்டும். பஸ் பிடித்துப் பாட்டிலைத் தூக்கிக் கொண்டு அலைவது நோயாளியின் வேலையாய் இருக்கக் கூடாது.

கேட்க வேண்டியது

கடைசியாக, தோழர்கள் ஆஸ்பத்திரியில் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. கோயிலில் பூசாரியைக் கேள்வி கேட்கச் சொல்லுகின்ற நாம், ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், "இதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். சாதாரணக் கட்டிதான் என்று குப்பையில் போட்டுவிட்டால், பின்னால் அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சாயம் போட்டுப் பார்க்க எடுத்த சதையை உப்புத் தண்ணீரிலோ, வெறும் பாட்டிலிலோ போடாமல் பார்மலினில், சதையைப் போலப் பத்துப் பங்கு திரவத்தில் போட வேண்டும். பாட்டிலின் மேல் பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 2002-ஆம் வருஷத்து மருத்துவ விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். மெழுகுக் கட்டி வருஷக்கணக்கில் கெடாது. ஆதலால் சந்தேகம் இருந்தால் அதே கட்டியை வேறு ஒரு நிபுணரிடம் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். சதையைப் பார்க்கும் டாக்டரும் மனிதர்தான்; தவறலாம். எடுத்த இடம் தவறினால் வியாதி அந்தத் துண்டில் இல்லாமலும் போகலாம். மந்திரவாதி தவறினால் திருத்த வழியில்லை. இங்கே தவறினால் மறுபடி சீவிப் பார்க்க அதே கட்டி இருக்கின்றது.

ஆகவே, கழுத்தில் நெறியோ, மார்பில் கட்டியோ, காலில் ஆறாத வீக்கமோ, மூக்கில் சதையோ உள்ளவர்கள் நாளை என்று தள்ளாமல் போய்க் காட்டிக் கொள்ள வேண்டும் என்றும், டாக்டர் சதை எடுக்க வேண்டும் என்றால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டு சம்மதிக்க வேண்டும் என்றும், அதற்காகப் போகின்ற தொழிலாளியின் கூலியைப் பிடிக்கக் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் இன்றே முடிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக் கொள்ளுகிறோம். நூறு சதுர சென்டிமீட்டர்த் துண்டை வெட்டித் துணியின் யோக்கியதையைக் கண்டுபிடிக்கின்ற ஊர் இது. ஒரு மிளகளவு சதையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொள்ள இந்த ஊராருக்குத் தெரியாமல் போக வேண்டியதில்லை.